தந்தையின் பெயரும் மகளின் தாளமும்: ‘அருளர்’ இசைத்தொகுப்பு

எம்.ஐ.ஏ. எனப்படும் மாதங்கி அருட்பிரகாசம் 2005இல் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பு ‘அருளர்’. ஈரோஸ் அமைப்பைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான அவர்தம் தந்தையின் இயக்கப்பெயரே தலைப்பாயிற்று. தலைப்பையும் அட்டையிலுள்ள புலி உருவங்களையும் கொண்டு இதனைப் புலிகள் சார்பான பரப்புரையென வாசித்தோர் உளர். ஈரோஸும் விடுதலைப் புலிகளும் வெவ்வேறு அமைப்புகள் என்பதை அவ்வாசிப்பு கருதவில்லை. பாடல்களின் ஒலியமைப்பையும் கருதவில்லை.

ரோலண்ட் எம்.சி.505 என்னும் மின்னிசைக் கருவியில் உருப்பெறத் தொடங்கிய இப்பாடல்கள், ஜமைக்காவின் டான்ஸ்ஹால், பிரேசிலின் ஃபங்க், இலண்டன் தெருவழக்கு ஆகியவற்றைக் கலக்கின்றன. போர்ச்சொற்கள் வருமிடத்தும் தாளம் ஆடலையே வேண்டுகிறது. எனவே இங்கு ஒலிப்பது இயக்கத்தின் குரலன்று. யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, 1986இல் இலண்டனுக்கு அகதியாகத் திரும்பிய மகளின் குரல். சிலவிடங்களில் போர்ச்சொல் பொருளிழந்து வெறும் அணியாகிவிடுவது தொகுப்பின் குறை.

புலம்பெயர் படைப்புகள் குறித்த நம் ஆய்வுகள் பெரும்பாலும் தமிழில் எழுதப்பட்டவற்றோடு நின்றுவிடுகின்றன. மொழியொன்றையே அளவுகோலாகக் கொண்டால், தமிழ்ப்பெயரைத் தலைப்பில் தாங்கி ஆங்கிலத்தில் ஒலிக்கும் இத்தொகுப்பு விடுபடும். அதனுடன், போரைக் குழந்தைப்பருவ நினைவாகச் சுமந்த ஒரு தலைமுறையின் பட்டறிவும் ஆய்வெல்லைக்கு வெளியே நின்றுவிடும்.