அணியா, பிணியா?

வேம்பார்க் கரையிலே வல்லங்கள் வரிசையாக நிற்கின்றன. முகப்பிலே பெயர்கள், பெயர்களிலே தூரிகையின் துள்ளல். அலைபோல் வளைந்த எழுத்துண்டு; நிழல் தீட்டிப் புடைத்த எழுத்துண்டு. எட்டி நிற்பவனுக்கும் 'இது இன்னார் வல்லம்' என்று சொல்வதே அவற்றின் தொழில். அழகும் பயனும் அங்கே பகைவரல்ல; ஒரு துடுப்பை வலிக்கும் இரு கைகள். ஒப்பனை எழுத்துக்கு நான் வைக்கும் உரைகல் அதுதான்.

எழுத்தைப் பற்றிப் பேச இந்தக் கரைக்கு உரிமையுண்டு. முத்துக்குளித்துறை மக்களிடையே பணிபுரிந்த என்றிக்கே என்றீக்கசு பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கம்; ஆனால் தமிழ் அச்சு வரலாற்றின் தலைவாயில். அந்த அச்செழுத்துகள் எதைப் பார்த்துப் பிறந்தன? ஓலைச்சுவடியைப் பார்த்து! ஓலை பொத்துவிடும் என்று அஞ்சிப் புள்ளியைத் தவிர்த்தது எழுத்தாணி. தாளுக்கு அந்த அச்சமில்லை. ஆயினும் அச்செழுத்தும் புள்ளியின்றியே வந்தது. காரணம் மறைந்தபின்னும் காரியம் தொடர்ந்தது. அதைத்தானே மரபு என்று கும்பிடுகிறோம்?

கும்பிடாமல் கேள்வி கேட்டவர் பெரியார். ணை, லை, ளை, னை ஆகியவற்றின் தலையில் வளைந்து நின்ற யானைத் துதிக்கையையும், ணா, றா, னா முதலியவற்றின் தனிச் சுருள்களையும் நீக்கி, 1935-இல் 'குடி அரசு' இதழிலே நடைமுறைப்படுத்தினார். தமிழ்நாடு அரசின் ஆணை வந்ததோ 1978-இல். நாற்பத்து மூன்று ஆண்டுகள் கடந்து!

இன்றோ, திரைப்படத் தலைப்பிலும் திருமண அழைப்பிலும் அந்தத் துதிக்கை மறுபடி தலைநீட்டுகிறது. 'பழமையின் மணம்' என்கிறார்கள். என் வகுப்பு மாணவி ஒருத்தி, சுவரொட்டியிலிருந்த 'கலை' என்ற சொல்லைப் படிக்க இயலாமல் நின்றாள். குற்றம் அவளுடையதா? தடை போடச் சொல்லவில்லை நான். பழைய வடிவம் பார்வைக்கு அணியாக நிற்கட்டும். படிப்பவனுக்குப் பிணியாக வேண்டாம் என்கிறேன்.

புதுமையிலும் நல்லது உண்டு. மும்பையின் ஏக் டைப் குழுவினர் வடித்த 'பலூ தம்பி'யைப் பாருங்கள். பலூ என்பது கிப்ளிங் கதையில் வரும் கரடியின் பெயர். எழுத்திலும் அதே பருத்த உடல், உருண்ட முனை. மலையாளத்துக்குச் 'சேட்டன்', தெலுங்குக்குத் 'தம்முடு', தமிழுக்குத் 'தம்பி' என்று உறவுமுறை சொல்லும் குடும்பம் அது. உறவு கொண்டாடியும், தேவநாகரியின் தலைக்கோட்டைத் தமிழின் தலையில் சுமத்தவில்லை, அதைப் பாராட்டுகிறேன். ஆனால் இத்தகைய தடித்த எழுத்தைச் சிறிதாக்கினால் ணகர, னகரச் சுழிகள் நெருங்கிக் கண்ணை ஏய்க்கும். தலைப்பிலே அது தலைவன், பத்தியிலே பகைவன்.

பிறரைச் சொல்லிவிட்டு நம்மை விடலாமா, தோழர்களே? நம் தட்டிகளிலும் தீப்பிழம்பு எரிகிறது, குருதி சொட்டுகிறது, கதிரவன் ஒளிக்கற்றைக்குள் எழுத்து ஒளிந்துகொள்கிறது. உணர்ச்சி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் முதியோர் கல்வியில் நேற்று எழுத்தறிந்த உழைப்பாளி நம் தட்டியின் முன் நின்று, எழுத்துக் கூட்டித் தோற்றுத் திரும்பினால், அந்தத் தட்டி யாருக்காக? புரியாத மந்திரத்தை எதிர்த்த நாம், படிக்க முடியாத எழுத்தை ஏந்தலாமா?

அடுத்த தட்டியை எழுதியதும், நூறடி தள்ளி நின்று பாருங்கள். வல்லத்தின் பெயரை எழுதுகிறவர் அப்படித்தான் பார்க்கிறார்.