ஒரே ரத்தம், வேறு வேறு கல்யாணம்

மத நல்லிணக்கம் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருத்தர் 'அமர் அக்பர் அந்தோணி' என்று சொல்லாமல் விடமாட்டார். மன்மோகன் தேசாய் 1977-இல் எடுத்த இந்திப் படம். மறு வருஷமே தமிழில் 'சங்கர் சலீம் சைமன்' என்று வந்தது. போன வாரம் இந்திப் படத்தைத் திரும்பவும் பார்த்தேன், இந்த முறை கையில் ஒரு நோட்டோடு. ராட்சச ஈஸ்டர் முட்டையை உடைத்துக்கொண்டு அமிதாப் வெளியே வருகிற இடத்தில் நோட்டை மறந்து சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்த படம்தான். பிடித்ததால்தான் உறுத்துகிறது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஆகஸ்ட் 15 அன்று, காந்தி சிலையடியில், மூன்று சகோதரர்கள் பிரிந்துபோகிறார்கள். ஒருவனை ஒரு போலீஸ் அதிகாரி வளர்க்கிறார், ஒருவனை ஒரு முஸ்லிம் தையல்காரர், ஒருவனை ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். வருஷங்கள் கழித்து, அடிபட்டுக் கிடக்கும் பார்வையற்ற ஒரு பெண்ணுக்கு மூன்று பேரும் ரத்தம் கொடுக்கிறார்கள். அவள்தான் அம்மா என்பது அவர்களுக்குத் தெரியாது. அம்மா பெயர் பாரதி. இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை!

அந்த ரத்தக் காட்சியைக் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மூன்று கட்டில்கள். பின்னால் ஜன்னல்களில் கோயில், மசூதி, சர்ச். மூன்று குழாய்களில் ரத்தம் மேலே ஏறி ஒன்றாகக் கலந்து அம்மாவின் உடம்பில் இறங்குகிறது. எந்த ஆஸ்பத்திரியிலும் இப்படி நடக்காது, ரத்தம் மேல்நோக்கி ஓடாது என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலியில் எனக்கு ஆர்வமில்லை. முன்பின் தெரியாத ஒருத்திக்கு ரத்தம் கொடுக்கிற மூன்று பேரைக் காட்டிவிட்டு, அவள் வேறு யாருமில்லை, பெற்ற தாய்தான் என்று படம் சொல்கிறதே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. அந்நியனுக்குக் கொடுத்தால் அது பெரிய விஷயம். அம்மாவுக்குக் கொடுத்தால்?

மூன்று பேருமே பிறப்பால் இந்துக்கள்தானே, இது என்ன நல்லிணக்கம் என்பது படத்தின் மேல் பலரும் வைக்கிற விமர்சனம். அது பாதிதான் சரி. உண்மை தெரிந்த பிறகும் அக்பர் அக்பராகவே இருக்கிறான், அந்தோணி அந்தோணியாகவே இருக்கிறான். 'தாய்மதம் திரும்பு' என்று பெற்ற தாய்கூடச் சொல்வதில்லை. இன்றைக்கு இப்படி ஒரு முடிவை எழுத எத்தனை பேருக்குத் தைரியம் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் சந்தேகம் வேறு. ஜோடிகளைக் கவனியுங்கள். அமருக்கு லட்சுமி. அக்பருக்கு சல்மா. அந்தோணிக்கு ஜென்னி. மூன்றே முக்கால் வண்டி தற்செயல்கள் நடக்கிற கதையில், அந்தத் தற்செயல்களில் ஒன்றுகூட அக்பரை ஜென்னி பக்கம் தள்ளவில்லை. ரத்தம் கலக்கலாம், சம்பந்தம் கலக்கக் கூடாது. ரத்தம் பழைய கணக்கு, ஏற்கெனவே முடிந்தது. கல்யாணம் அப்படியில்லை, நாளைக்கு யார் வீட்டில் யார் சாப்பிடுவது, பிள்ளைக்கு என்ன பெயர் என்று தொடர்ந்து வரும். 18 வருஷம் கழித்து மணிரத்னத்தின் 'பம்பாய்' இந்த இடத்தில்தான் கை வைத்தது. அதிலும் பையன் இந்து, பெண் முஸ்லிம். மாற்றி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தனிக் கட்டுரை.

இந்திப் படம் 'பாய் பாய்' என்கிறது, அதாவது அண்ணன் தம்பி. எங்கள் ஊரில் என் அப்பாவும் அவருடைய தையல்கடை நண்பரும் ஒருவரையொருவர் 'மச்சான்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். அண்ணன் தம்பி என்பது பிறப்பால் வருவது. மச்சான் என்பது பெண் கொடுத்து எடுத்தால் வருகிற உறவு. கொடுக்காமலே எடுக்காமலே, ஒரு பேச்சுக்காக அந்த உறவை வைத்துக்கொண்டார்கள். எனக்கு இது 'ஒரே ரத்தம்' என்பதைவிட நேர்மையாகப் படுகிறது: நீ வேறு, நான் வேறு, இருந்தாலும் உறவு. ஆனால் அந்த வார்த்தையை நிஜமாக்கப் போனால் கதை வேறு.

இரண்டு மதத்தவர் மதம் மாறாமல் கல்யாணம் செய்துகொள்ள 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதன்படி முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அதைப் பதிவு அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுவார்கள், ஆட்சேபம் சொல்ல 30 நாள். ஒரே மதத்துக்குள் அந்தந்த மத முறைப்படி செய்தால் இந்த 30 நாள் கிடையாது.

எனக்குத் தெரிந்த ஒரு ஜோடி அப்படி எழுதிக் கொடுத்தது. ஒட்டிய மூன்றாம் நாளே இரண்டு வீட்டுக்கும் தகவல் போய்விட்டது. பையன் வீட்டில் விஷயத்தை முதலில் கொண்டுவந்து சொன்னவர், அந்தக் குடும்பத்தை இருபது வருஷமாக 'மச்சான்' என்று கூப்பிட்டுப் பழகியவர்.