பொருட்காட்சி மரத்தில் ஒரு தேவாலயம்

மயிலாப்பூர் லஸ் கோயிலின் கல்வெட்டு 1516 என்கிறது. போர்ச்சுகீசியர் என்றால் நமக்குக் கப்பலும் கோட்டையும்தான் நினைவுக்கு வரும். சான் ஹோசேயில் உள்ள 'ஐந்து காயங்கள்' தேவாலயம் வேறொரு போர்ச்சுகீசியரைக் காட்டுகிறது: அசோரஸ் தீவுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள்.

1915 சான் பிரான்சிஸ்கோ உலகப் பொருட்காட்சியில் இருந்த போர்ச்சுகல் அரங்கைப் பிரித்தபோது கிடைத்த மரங்களையும் சேர்த்து இதைக் கட்டினார்கள். 1918இல் அர்ச்சிப்பு. சில மாத வேடிக்கைக்காக அரசு எழுப்பியதை, குடியேறியவர்கள் தலைமுறைகளுக்கான வழிபாடாக மாற்றிக்கொண்டார்கள்.

இரட்டைக் கோபுர முகப்பை ஊர்க்கோயிலின் நகல் என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு அது சம்மதமில்லை. கல்லில் கண்டதை மரத்தில் நினைவுகூரும்போது வடிவம் கொஞ்சம் மாறத்தான் செய்யும். அந்த மாற்றத்தில்தான் புலம்பெயர்ந்தவரின் கை தெரிகிறது. பெயரிலும் அப்படித்தான். போர்ச்சுகல் கொடியின் ஐந்து கேடயங்களைக் கிறிஸ்துவின் ஐந்து காயங்கள் என்பது மரபு. நாட்டையும் கடவுளையும் ஒரே சொல்லில் கட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

நம் கோயில்களை, 1986இல் குடமுழுக்கு கண்ட லிவர்மோர் கோயில் உட்பட, 'அச்சு அசலா?' என்றே அளக்கிறோம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அசல் இதுதான். அவர்கள் கண்ணால் பார்த்துப் பேசும் விமர்சனம் நம்மிடம் இன்னும் வரவில்லை.