வால்வு மைக்கும் உப்புக் காற்றும்

விலை மலிந்த சீன வால்வு (வெற்றிடக் குழல்) மைக் ஒன்றை வாங்கி, கேப்சூல், வால்வு, டிரான்ஸ்ஃபார்மர், கன்டென்சர் என ஒவ்வொன்றையும் கழற்றி உயர்ந்த வகையைப் பொருத்திவிட்டால், ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் 1949-இல் கொண்டுவந்த யூ47 மைக்கின் ஒலி கைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை, சிறு ஒலிப்பதிவுக் கூடங்களில் இன்று ஏறக்குறைய ஒரு கோட்பாடாகவே நிலைபெற்றுவிட்டது.

இவ்வழக்கத்தில் நன்மை இல்லாமல் இல்லை. நாய்மனின் யூ67 மைக்கில் கேப்சூல் உச்ச ஒலிகளைச் சற்றுத் தூக்கிக் காட்டும். அதைத் தணிக்கும் ஏற்பாடு அதன் மின்சுற்றிலேயே இருந்தது. மலிவுப் பிரதிகள் பலவும் கேப்சூலை மட்டும் பார்த்துச் செய்துகொண்டு சுற்றை விட்டுவிட்டமையால், அவற்றில் சகர ஒலி காதைக் குத்துகிறது. அதைத் திருத்தும் மாற்றம் முறையானதே.

ஆனால் பெயர்பெற்ற உறுப்புகளைத் தேடி அலையும் இந்த ஆர்வம், அவை இணையும் இடத்தில் கருத்துச் செலுத்துவதில்லை. கேப்சூல் என்பது பொன்முலாம் பூசிய மெல்லிய சவ்வும் அதன் பின்னுள்ள உலோகத் தகடும் சேர்ந்த ஒரு மின்தேக்கி. அதன் கொள்திறன் 50 பிக்கோஃபாரட் அளவே. இத்துணைச் சிறிய மின்தேக்கியிலிருந்து தாழ்ந்த சுருதிகளும் குறையாமல் வால்வைச் சென்றடைய, ஒலிக்குறியை ஏற்கும் வால்வின் கிரிட் முனையில் ஒரு கிகா ஓம், அதாவது நூறு கோடி ஓம், அளவிலான மின்தடை வேண்டும். அப்போது ஒலி தேயத் தொடங்கும் எல்லை 3 ஹெர்ட்ஸ் அளவில் நிற்கும். அம்முனையில் 100 மெகா ஓம் கசிவு ஏற்பட்டாலே போதும், எல்லை 35 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், இரைச்சல் மிகும், கேப்சூலுக்குரிய மின்னழுத்தமும் கசிந்தால் ஒலியின் வலுவே குன்றிப்போகும், இடையிடையே படபடவென்ற வெடிப்பும் கேட்கும். சாலிடர் வைத்த கையின் வியர்வைத் தடமும், துடைக்காமல் விட்ட ஃபிளக்ஸ் பசையுமே இக்கசிவுக்குப் போதுமானவை. மாற்றியமைப்பு என்ற பெயரில் நடப்பதோ, பெரும்பாலும் இந்த முனையைத்தான் மீண்டும் மீண்டும் தொட்டுச் சாலிடர் வைக்கும் வேலை.

கடற்கரையில் இக்குறை பன்மடங்காகிறது. மரக்காணத்து உப்பளங்களை அடுத்த எக்கியார்குப்பத்தில், மீனவர் வலையிழுக்கும்போது பாடும் அம்பாப் பாடலைப் பதிவுசெய்ய இத்தகைய மைக்கைக் கொண்டு செல்பவர், உப்புத் துகள் கலந்த காற்றிலேயே அதைத் திறந்து வைக்கிறார். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு நீரை ஈர்த்துத் தானே கரையும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கேப்சூலின் விளிம்பிலும் கிரிட் முனையிலும் படிந்த துகள் இவ்வாறு கசிந்து, மின்சாரம் கடத்தும் படலமாகிவிடுகிறது. வால்வின் வெப்பம் அருகிலுள்ள பாகங்களை உலர்த்துமேயன்றி, மேலே தனித்து நிற்கும் கேப்சூலை முழுதும் காக்காது. பாடுபவரின் மூச்சிலுள்ள ஈரமும் அங்கேதான் சென்று சேர்கிறது. அந்நிலையில் கன்டென்சர் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்ற ஆராய்ச்சி வெறும் வீண்வேலை.

இக்குறைக்கான பரிகாரம் எளியது, விலையும் மிகக் குறைவு. அதனால்தானோ என்னவோ அதற்கு மதிப்பில்லை. கிரிட் இணைப்பைச் சர்க்யூட் பலகையில் படியவிடாமல் டெஃப்லான் தூணின்மேல் நிறுத்துவதும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தபின் அதை விரலால் தொடாதிருப்பதும், பதிவுக்கு அரைமணி நேரம் முன்பே மின்சாரம் கொடுத்து வைப்பதும், வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் இட்ட பெட்டிக்குள் மைக்கை மூடுவதுமே அது.

இவை செய்யப்படாத மைக்கில், புதிய வால்வு பொருத்திய மறுநாள் கேட்ட இனிமை வால்வினால் வந்ததா, அன்று காற்று உலர்ந்திருந்ததால் வந்ததா என்று எவரும் சொல்ல முடியாது. ஒலியளவைச் சமப்படுத்தாமல் இரு பதிவுகளை ஒப்பிடுவோருக்கு, சற்று உரக்க ஒலிப்பதே உயர்ந்ததாகப் படும் என்பது வேறு. மாற்றியமைத்துத் தருவோரின் விலைப்பட்டியலில் வால்வின் பெயர் தடித்த எழுத்தில் நிற்கிறது; கிரிட் முனையின் காப்புத்தடை எத்தனை கிகா ஓம், அது எந்த ஈரப்பதத்தில் அளக்கப்பட்டது என்ற குறிப்பைக் காண்பது அரிது.