பீரங்கியும் கொக்கும்

புளியறைக்குப் போயிருக்கிறீர்களா? செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு போகிற சாலையில், கேரள எல்லைக்கு முந்தைய ஊர். பச்சை வயல், அதன் பின்னால் சட்டென்று எழும்பும் மலை. சீசனில் கணவாய் வழியாகச் சாரல் வந்து மூக்குக் கண்ணாடியை நனைக்கும்.

கல்யாண போட்டோவில் சம்பாதித்துப் பறவை போட்டோவில் செலவழிக்கும் நண்பர் ஒருவர், அங்கே 600 எம்எம் லென்ஸோடு வரப்பில் நின்றார். "என்ன அண்ணாச்சி, பீரங்கியா?" என்றார் டீக்கடைக்காரர். எடுத்த கொக்கைக் காட்டியபோது, "ஜோரா இருக்கு, எந்த ஊர்ல எடுத்தீய?" என்று கேட்டார். கடைக்குப் பின்னால் நூறு கஜத்தில் எடுத்த படம்!

இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்தப் புகைப்படப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

காரணம் எளிய கணக்கு. 600 எம்எம் லென்ஸ் மூலைக்கு மூலை 4 டிகிரிதான் பார்க்கும். எட்டு முழுநிலாவை வரிசையாக அடுக்கினால் முடிந்தது. எஃப் 4 என்றால் வாய் 15 சென்டிமீட்டர் அகலம். பத்து மீட்டர் தள்ளி நிற்கும் கொக்கின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால், முன்னும் பின்னும் சேர்த்து ஆறேழு சென்டிமீட்டர்தான் துல்லியம். மிச்சமெல்லாம், மலை உட்பட, பச்சைப் பாயசம். அந்தப் பாயசத்தைத்தான் இன்று 'க்ரீமி பேக்ரவுண்ட்' என்று பாராட்டுகிறார்கள். புளியறைக் கொக்கும் வேடந்தாங்கல் கொக்கும் ஒரே ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கின்றன.

லென்ஸ் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. நம் மா. கிருஷ்ணன் (1912–1996), திருநெல்வேலியில் பிறந்தவர், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன், அவரும் கனமான சாமானைத் தூக்கிக்கொண்டுதான் காட்டில் அலைந்தார். பல கேமராக்களின் பாகங்களைக் கோத்துத் தானே செய்துகொண்டது. அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயர் வேறு! 2006-ல் வந்த 'ஐ இன் த ஜங்கிள்' தொகுப்பைப் புரட்டிப் பாருங்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை. சில படங்கள், உண்மையைச் சொன்னால், சுமார் ரகம். இன்றைய போட்டியொன்றில் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள். ஆனால் யானை எந்தப் புல்லில் நிற்கிறது, குட்டி எந்தக் காலுக்கு இடையில் ஒளிகிறது என்பது தெரிகிறது. படம் எடுத்தவர் இயற்கையாளர், அந்த மிருகம் அந்த இடத்தில் என்ன செய்கிறது என்ற கேள்வியோடு போனவர். நம்மவர்கள் 'கண்ணில் பளபளப்பு விழுந்ததா' என்ற கேள்வியோடு போகிறார்கள்.

பெரிய லென்ஸுக்கு ஒரு பெரிய நியாயம் உண்டு. தள்ளி நிற்கலாம். கூட்டருகே போய் இலையை விலக்கி, தாய்ப்பறவையை விரட்டி எடுத்த படங்களை ஒருகாலத்தில் கைதட்டி வரவேற்றோம். அந்தப் பாவத்துக்கு இது பரிகாரம். அதனால் லென்ஸை விற்றுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். (யார் வாங்குவார்கள்? ஒரு புதுக் கார் விலை.) எடையும் குறைந்துகொண்டே வருகிறது. 1999-ல் வந்த கேனன் 600 ஐந்தேகால் கிலோவுக்கு மேல், 2018-ன் மூன்றாவது அவதாரம் மூன்று கிலோ சொச்சம். தோள்வலி போய்விட்டது, சரி. அதோடு நின்று யோசிக்கும் வழக்கமும் போய்விட்டதோ என்று சந்தேகம். நொடிக்கு இருபது முப்பது படம் எடுக்கிற கேமராவில் எதற்காக யோசிக்க வேண்டும்?

அன்று பத்து மணிக்கு வெயில் ஏறியதும் வயல்மேல் கானல் நெளிய ஆரம்பித்தது. தூரத்துக் கொக்கு தண்ணீருக்குள் இருப்பதுபோல் அசைந்தது. கானலுக்கு முன்னால் எத்தனை லட்ச ரூபாய்க் கண்ணாடியும் செல்லாது. நண்பர் அலுத்துக்கொண்டு பீரங்கியைப் பெட்டியில் வைத்துவிட்டு, டீ வரும்வரை செல்போனில் ஒன்று தட்டினார். வரப்பு, மலை, அதன் மேல் ஒரு துண்டு மேகம், டீக்கடைக்காரரின் முழங்கை, கொக்கு ஒரு சுண்ணாம்புப் புள்ளி.

எனக்கு அனுப்பியிருக்கிறார். யாருக்கும் காட்டாதீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.