‘எளிமை’ என்னும் சொல்லும் லினக்சின் தொடக்க நிரல் விவாதமும்

லினக்ஸ் இயங்குதளத்தில் கெர்னலை அடுத்து முதலாவதாக இயங்குவது தொடக்க நிரல். பிற சேவைகளை எழுப்புவதும் நிறுத்துவதும் அதன் பணி. 2010இல் அறிமுகமான சிஸ்டம்டி, இப்பணியோடு பதிவேடு, உள்நுழைவு மேலாண்மை முதலிய பலவற்றையும் தன் திட்டத்துள் சேர்த்துக்கொண்டது. ஒரு கருவி ஒரு வேலையைச் செவ்வனே செய்தல் வேண்டும் என்னும் யூனிக்ஸ் மரபைச் சுட்டி, எளிமையின் பெயரால் அதனை எதிர்ப்போர் பலர். எளிமை என்னும் சொல் இவ்விவாதத்தில் இருபொருள்பட ஆளப்படுவதே குழப்பத்திற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

இதனைச் சூலூர், சோமனூர் வட்டாரத்து விசைத்தறியைக் கொண்டு விளக்கலாம். சாதாத் தறியின் உறுப்புகள் கண்ணுக்குத் தெரிவன. பழுதானால் உள்ளூர்ப் பட்டறையிலேயே சரிசெய்யலாம். ஆயின் தார் தீருந்தோறும் தறியை நிறுத்தி, நாடாவில் புதுத் தார் இட ஓர் ஆள் அருகில் நிற்கவேண்டும். தானியங்கித் தறியில் அவ்வேலை குறைகிறது. அதன் மின்னணுப் பலகை கெட்டாலோ பட்டறைக்காரரால் ஆவது சிறிதே.

பழைய சிஸ்வி இனிட்டின் எளிமை சாதாத் தறியின் எளிமை. மையநிரல் சிறிது, ஆனால் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி ஷெல் நிரல் எழுதிப் பராமரிக்கவேண்டும். இடையில் ஒரு சேவை நின்றுபோனால் அதுவாக மீட்டெழுப்புவதும் பொதுவாக இல்லை. சிஸ்டம்டியில் சில வரிகள் போதும். கெர்னலின் சிகுரூப் வசதியால் சேவையின் கிளைச் செயல்களையும் அது தொடர்கிறது. இந்த உழைப்புக் கணக்கை எதிர்ப்பாளர் பலர் பார்ப்பதில்லை. வாய்ட் லினக்சின் ரன்இட், ஆல்பைன் லினக்சின் ஓப்பன்ஆர்சி ஆகியவற்றைச் சான்று காட்டாமல் சிஸ்வி இனிட்டையே போற்றுவது அவர்தம் வாதத்தை மெலியச் செய்கிறது.

ஆயினும் அவர்களது அச்சம் வெறும் பழமைப்பற்று அன்று. எக்ஸ்இசட் சுருக்க நிரலகத்துள் பின்வாசல் ஒன்று மறைக்கப்பட்டிருந்தமை 2024 மார்ச் 29இல் வெளிப்பட்டது. அதன் இலக்கான ஓப்பன்எஸ்எஸ்எச், எக்ஸ்இசட்டை நேரடியாகப் பயன்படுத்துவதே இல்லை. ‘ஆயத்தம்’ என்று சிஸ்டம்டிக்கு ஒரு செய்தி அனுப்புவதற்காக டெபியன் முதலிய வெளியீடுகள் அதனோடு லிப்சிஸ்டம்டியை இணைத்திருந்தன. லிப்சிஸ்டம்டி எக்ஸ்இசட்டைச் சார்ந்திருந்தது. ஒரு சொல் சொல்ல ஊரையே அழைத்துவந்த கதை! அவ்வாண்டு ஜூலையில் வெளிவந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8, அச்செய்தியை அனுப்பும் சிறுபகுதியைத் தன்னுள்ளேயே எழுதிக்கொண்டது. சிஸ்டம்டியோடு பேசும் வழி நீடித்தது. நிரலகச் சார்பு தேவையற்றதாயிற்று. எளிமை வாதம் வலுப்பெறும் இடம் இதுவே. நிரலின் பருமனைக் காட்டிலும், ஓர் உறுப்பைக் கழற்றி வேறொன்றை மாட்ட இயலுமா என்பது பொருளுள்ள வினா.

அவ்வினாவுக்கு டெபியன் தந்த விடை அரைகுறையானது. அதன் தொழில்நுட்பக் குழு 2014 பிப்ரவரியில், வாக்குகள் சமமாக நின்றபோது தலைவரின் தீர்மான வாக்கால் சிஸ்டம்டியைத் தேர்ந்தது. முரண்பட்டோர் அவ்வாண்டின் இறுதியில் தேவுவானைப் பிரித்தெடுத்தனர். 2019ஆம் ஆண்டின் பொதுவாக்கெடுப்பு மாற்று வழிகளை ஆராய இடமளித்தது. அவற்றைத் தாங்கும் கடமையைப் பொதிப் பராமரிப்பாளர்மேல் சுமத்தவில்லை. டெபியனின் இயல்புத் தேர்வுகள் அதன் வழிவந்த வெளியீடுகளுக்கும் பெரும்பாலும் வந்துசேர்வன. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் அவ்வழியினதே. அதனைப் பயன்படுத்தும் சூலூர் மாணவர் ஒருவருக்கு மாற்று என்பது, வேறொன்றைத் தாமே நிறுவிக்கொண்டு அதன் பழுதையும் தாமே பார்த்துக்கொள்வதாக இருக்கிறது.