வீடும் குடியும்: கொழும்பின் வறியோர் குடியிருப்புத் திட்டங்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

கொழும்பு மாநகரின் தென்னெல்லையில், வெள்ளவத்தைக் கால்வாயை அடுத்துள்ள பாமன்கடைப் பகுதி, நகரக் கட்டடக்கலை பற்றிச் சிந்திப்போருக்கு நல்லதோர் ஆய்வுக்களமாகும். பல தலைமுறைத் தொழிலாளருக்குச் சோறிட்ட வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையின் நிலத்தில் இன்று ‘ஹவ்லொக் சிற்றி’ என்னும் உயர்மாடித் தொகுதி எழுந்து நிற்கிறது. ஆலை மறைந்தது, நிலத்தின் விலை உயர்ந்தது. மறுபுறம், பலகையாலும் தகரத்தாலும் அமைந்த குடில்களில், மழைதோறும் வெள்ளத்துக்கு அஞ்சி வாழ்ந்த கால்வாய்க் கரை மக்களின் வரலாறும் இப்பகுதிக்கு உண்டு. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குமிடத்து, கட்டடக்கலை யாருக்காக என்னும் வினா தவிர்க்கவியலாததாகிறது.

தமிழில் ‘குடி’ என்னும் சொல் குடும்பத்தையும் குடியிருப்பையும் அங்கு வாழும் மக்கட் கூட்டத்தையும் ஒருசேரக் குறிக்கும். வீடு சுவராலும் கூரையாலும் ஆவது. குடி, உறவாலும் தொழிலாலும் அயலாலும் ஆவது. வறியோருக்கான வீடமைப்புத் திட்டங்களை எண்ணிக்கையால் மட்டும் அளப்பது முதலாவதைக் கண்டு இரண்டாவதைக் காணாது விடுவதாகும். இவ்வடிப்படையில் கொழும்பின் அண்மைக்கால அனுபவங்களை மதிப்பிடுதல் பொருத்தமாகும்.

துறைமுகத்தை நம்பி வளர்ந்த கொட்டாஞ்சேனை முதலிய வடபகுதிகளில் ‘தோட்டம்’ என்றும் ‘முடுக்கு’ என்றும் வழங்கும் நெருக்கமான வரிசைக் குடியிருப்புகள் தோன்றின. பொதுக் குழாயும் பொது மலகூடமும் அவற்றின் அடையாளங்களாயின. 1973ஆம் ஆண்டின் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் வீட்டுடைமையைக் கட்டுப்படுத்தியபோது, அத்தகைய குடியிருப்பாளர் பலர் தனியார் உடைமையாளரின் பிடியிலிருந்து நீங்கினர். 1978இல் தொடங்கிய ஓர் இலட்சம் வீடமைப்புத் திட்டத்தில் அரசே பெருமளவில் வீடுகட்ட முற்பட்டது. 1984இல் ஆர். பிரேமதாசவின் முன்முயற்சியால் தொடங்கிய பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டமோ அடிப்படையிலேயே வேறுபட்டது. அரசு கட்டிக் கொடுப்பதை விடுத்து, மக்கள் கட்டுவதற்குத் துணைநிற்றல் என்பது அதன் தத்துவமாயிற்று.

நகரப் பகுதிகளில் அத்திட்டம் செயற்பட்ட முறை அவதானிக்கத்தக்கது. ஒவ்வொரு குடியிருப்பிலும் சமுதாய அபிவிருத்திச் சபை அமைந்தது. ஏறத்தாழ 2 பேர்ச், அதாவது 50 சதுர மீற்றர், ஒரு குடும்பத்துக்குரிய நிலத்தின் அளவாகக் கொள்ளப்பட்டது. பாதை எவ்வளவு அகலம் இருக்கவேண்டும், எந்த வீடு எவ்வளவு பின்னகர வேண்டும் என்பனவற்றை அக்குடியிருப்பாளர்களே கூடியிருந்து பேசித் தீர்மானித்தனர். நகரின் பொதுவான கட்டட விதிகளைத் தளர்த்தி அவ்வவ்விடத்துக்கேற்ற விதிகள் வகுக்கப்பட்டன. சிறு கடனைக் கொண்டு இன்று ஓர் அறை, வருவாய் கூடும்போது மேலும் ஓர் அறை என வீடு வளர இடமிருந்தது. கட்டடக்கலைஞரும் அலுவலரும் ஆலோசனை கூறுவோராக இறங்கிவந்தமை அதன் பெருஞ்சிறப்பு எனலாம்.

ஆயினும் அத்திட்டத்தைக் குறையற்றதெனக் கொள்ளுதல் பொருந்தாது. கடன்தொகை சிறிது, கட்சி அரசியலின் செல்வாக்குப் பெரிது. உறுதிப்பத்திரம் கைக்கு வாராது காத்திருந்தோரும் இருந்தனர். பின்வந்த அரசுகள் அதைத் தொடராதபோது, அது வளர்த்த சபைகளும் நலிவுற்றன.

வாழப்போகின்றவரைக் கலந்து வீடமைக்கும் வழக்கம் இந்நாட்டுக்கு அதற்கு முன்பும் புதிதன்று. 1950களின் பிற்பகுதியில் கண்டி வட்டப்புலுவையில் மினெற் டி சில்வா, பல இனங்களையும் சேர்ந்த அரச ஊழியரிடம் வினாக்கொத்து வழங்கி, அவர்தம் தேவைகளை அறிந்தே வீடுகளை வகுத்தார். மாதச் சம்பளம் பெறுவோருக்குக் கிட்டிய இம்மரியாதை முடுக்குவாசிகளுக்குக் கிட்டக் கால் நூற்றாண்டு சென்றமை மனங்கொள்ளத்தக்கது.

2001இல் பொறளைப் பகுதியில் எழுந்த ‘சஹஸ்புர’ இன்னொரு திருப்பமாகும். பல தோட்டங்களைச் சேர்ந்த குடும்பங்கள் 671 வீடுகள் கொண்ட ஒரே மாடித்தொகுதியில் குடியேற்றப்பட்டன. இதன் பொருளியல் எளிது: மக்களை மேனோக்கி அடுக்கினால் கீழே விலைமதிப்புள்ள நிலம் விடுபடும், அதனை விற்றுக் கட்டடச் செலவை ஈடுசெய்யலாம். 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டதன் பின்னர் இத்தருக்கமே பேரளவில் செயற்பட்டது. அச்சபையின் கணிப்பின்படி 68,812 குடும்பங்கள் ஏறத்தாழ 900 ஏக்கர் நிலத்தில் வாழ்ந்தன. அவர்களிற் பலர் தெமட்டகொட, வனாத்தமுல்லை முதலிய இடங்களின் தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்டனர். அங்கு நிலம் முதற்பொருளாகவும் மனிதர் அதன்மீதுள்ள இடையூறாகவும் கருதப்பட்டனர் என்பது கடுமையான கூற்றாகத் தோன்றலாம்; ஆனால் கணக்கின் ஒழுங்கு அவ்வாறே அமைந்துள்ளது.

வாசலில் அடுப்பு மூட்டி இடியப்பம் அவித்து விற்கும் பெண்ணுக்கு, ஏறத்தாழ 400 சதுர அடியில் அமைந்த பத்தாம் மாடி வீடு தொழிலைப் பறித்துவிடுகிறது. முன்வாசலில் இருந்த சிறுகடைக்கு வழிப்போக்கர் இல்லை. தவணைப் பணமும் பராமரிப்புக் கட்டணமும் மாதந்தோறும் வர, வருவாய் நாளாந்தக் கூலியாகவே இருக்கிறது. வீடுகளைக் குலுக்கலில் பங்கிடும்போது அயலவர் வெவ்வேறு மாடிகளுக்குச் சிதறுகின்றனர். கொழும்புத் தோட்டங்களில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்தே வாழ்ந்தனர். இத்தகைய சூழலில் சிறுதொகையினரான ஒரு கூட்டம் சிதறும்போது, அருகிலிருந்த கோயிலுக்கு வருவோர் குறைவர்; தமிழ்மொழிப் பாடசாலைக்குப் பிள்ளைகள் குறைவர். அருகிவரும் ஒரு சமூகத்துக்கு ஐம்பது குடும்பங்களின் இடமாற்றம் வெறும் முகவரி மாற்றமன்று.

மாடிவீட்டுக்கு ஆதரவான வாதங்களையும் புறக்கணித்தலாகாது. வீட்டினுள்ளேயே குழாய்நீரும் மலகூடமும் கிடைப்பது சிறுபேறன்று. வரிசையில் நின்று வாளி நிரப்பிய பெண்கள் அதன் அருமையை நன்கறிவர். வெள்ளம் புகாத தரையும் அவ்வாறே. முடுக்கு வாழ்க்கையைத் தொலைவில் நின்று அழகுபடுத்திப் பேசுவது படித்தோரின் பிழையாகும். எனினும் தூய நீருக்காக ஒருவர் தம் அயலையும் தொழிலையும் விலையாகக் கொடுக்கவேண்டும் என்பதற்கு எந்தக் கட்டடவியல் விதியும் இல்லை.

உலக அனுபவமும் இதனையே உணர்த்துகிறது. எகிப்தின் ஹசன் பாத்தி 1940களில் புதிய குர்ணாவை மண்செங்கல்லால் அழகுறக் கட்டினார். இடம்பெயர விரும்பாத கிராமத்தவர் அதனை ஏற்கவில்லை. நல்லுள்ளமும் நல்வடிவமும் மக்களின் இசைவுக்கு ஈடாகா என்பது அதன் பாடம். மாறாக, சிலி நாட்டின் இக்கீக்கேயில் 2004இல் அலெஹாந்திரோ அரவேனா குழுவினர், ஏறத்தாழ நூறு குடும்பங்களை அவர்கள் வாழ்ந்த நிலத்திலேயே இருத்தி, பாதி வீட்டைக் கட்டிக் கொடுத்து மறுபாதியை அவர்களிடமே விட்டனர். பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டத்தின் 2 பேர்ச் நிலத்திலே கருக்கொண்ட சிந்தனை இதனின்றும் தொலைவிலுள்ளதன்று.

எனவே வறியோருக்கான ஒரு கட்டடத்தின் தரத்தை மதிப்பிடுவோர் அதன் உயரத்தையும் வீட்டுத் தொகையையும் அறிந்த பின்னர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். அதனைத் தீர்மானித்தவர் யார்? அங்கு வந்தபின் பழைய தொழிலைத் தொடர முடிகிறதா? ஒரு மரணம் நிகழ்ந்தால் உடலைக் கிடத்தவும் அயலவர் வந்து கூடவும் அங்கு இடமுண்டா? இவற்றுக்கு விடை கூறவியலாத கட்டடத்தில் வீடுகள் பல இருக்கலாம், குடி இராது.